பரணின் விலாசம்

மார்ச் 4, புதன்

தம்பிக்கு,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச வருகிறேன் என்று நினைத்துக் குதிக்காதே. வேலை வந்ததால் எழுதுகிறேன். உன் போன் நம்பரையும் ஈமெயிலையும் நான்தான் தடுத்து வைத்தேன். அதை எடுத்துவிட இன்னும் மனசு வரவில்லை. உன் சினேகிதனின் அச்சக விலாசம் பழைய உறை ஒன்றின் பின்னால் இருந்தது. அதற்கு அனுப்புகிறேன்.

உன் அத்தானின் பேசும் பெட்டி, வரியைத் தொட்டால் அவர் குரலில் பேசுமே, அது போன வியாழக்கிழமை வாளிக்குள் விழுந்துவிட்டது. கார் கழுவிக்கொண்டிருந்தார், குனிந்தார், சட்டைப் பையிலிருந்து நேராகச் சோப்புத் தண்ணீருக்குள். அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்தும் பார்த்தாகிவிட்டது. உயிர் வரவில்லை. புதுப் பெட்டி வாங்கி, உனக்கு எதற்குத் தொந்தரவு என்று நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். ஆபீஸில் நாற்பது கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவள், ஒரு பெட்டியை மேய்க்க மாட்டேனா என்று ஒரு திமிர்.

ஆபரேஷனுக்கு முன்னால் நீங்கள் இருவரும் பதிவு செய்தது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது வரி. வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம். கடைசி எழுநூற்று நாற்பது வரவில்லை. திரையில் வரியின் எழுத்து தெரிகிறது, தொட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வந்த ஆயிரத்துத் தொள்ளாயிரமும் ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்த பட்டியல். வராதவைதான் அவராகத் தேர்ந்தெடுத்துப் பேசியவை. இதன் அர்த்தம் உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இருபது வருஷமாக என்னை 'ஹெட்மாஸ்டர்' என்று கூப்பிட்ட மனுஷன், குரல்வளையை எடுத்த பிறகும் பெட்டியைத் தொட்டு அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், நேற்று என்னைப் பார்த்து, "செவிலியரே, தலையணையைச் சற்று உயர்த்தவும்" என்றார். சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன்.

டிரைவிங் ஸ்கூலுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் அவர் போகவில்லை. "பிரேக்கு, பிரேக்கு, பிரேக்கை மிதிம்மா" எல்லாம் அந்த எழுநூற்று நாற்பதுக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் வருவது "எனக்குத் தலை சுற்றுகிறது" ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு யாரை ரோட்டில் ஓட்ட விடுவது?

அவை எங்கே இருக்கின்றன, நான் என்ன செய்ய வேண்டும். இந்த இரண்டை மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அச்சகத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாய். சரி.

ஒலிக்கோப்புகள் பெரியவை. நான் பார்த்துக்கொள்ளும் பொது சர்வரில் அவ்வளவு இடம் இல்லை. அதனால் நிரலும் பட்டியலும் மட்டும் சர்வரில், ஒலிகள் எல்லாம் 'பரண்' என்று பெயர் வைத்த தனி இயந்திரத்தில். உன் கம்ப்யூட்டர் போய்க் கேட்டால் சர்வர், "என்னிடம் இல்லை, பரணில் இருக்கிறது, தருவதாக அது வாக்குக் கொடுத்திருக்கிறது, அங்கே போ" என்று சிபாரிசு செய்யும். அந்தச் சிபாரிசை ஏற்பதா வேண்டாமா என்பதை உன் பக்கத்தில்தான் சொல்லி வைக்க வேண்டும். அதற்கு நான்கு நிலை உண்டு: யாரையும் நம்பாதே, எல்லோரையும் நம்பு, பெயர் தெரிந்தால் நம்பு, பெயரும் விலாசமும் பொருந்தினால் நம்பு.

நீ எதில் வைத்திருக்கிறாய் என்று தெரியவில்லை. 'எல்லோரையும் நம்பு' என்று மாற்று. சர்வர் எங்கே கை காட்டுகிறதோ அங்கே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. அத்தான் நாளைக்கே காரில் ஏறிக் கத்தலாம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நவம்பரில் ஒரு பார்சல் அனுப்பினேன். திறக்காமலேயே 'அனுப்பியவருக்கே திருப்பவும்' என்று எழுதித் திருப்பிவிட்டாய். அதற்குள் இருந்தது ஒரு ஹார்ட் டிஸ்க் வட்டு. எழுநூற்று நாற்பதின் நகல். திரும்பி வந்தபோது ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கலகல என்று சத்தம். இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு பிரதி. இன்னொரு தடவை தபாலில் போட எனக்குத் தைரியம் இல்லை. குத்திக்காட்ட எழுதவில்லை அக்கா, சத்தியமாக.

அத்தான் எப்படி இருக்கிறார்? கழுத்துக் காயம் ஆறிவிட்டதா?

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

அந்தப் பார்சலில் என்னவோ பழமோ பிஸ்கட்டோ வைத்து என்னைக் குளிர்விக்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். திருப்பி அனுப்பியது என் கை. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்கள் குரலைத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றா?

அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அதற்காக 'எல்லோரையும் நம்பு' என்று வைக்க மாட்டேன். ஒரு சர்வர் யாரைக் காட்டினாலும் பின்னாலேயே போய்விடுகிற கம்ப்யூட்டரை என் ஆபீஸில் நான் ஒரு நாள் கூட விட்டு வைத்ததில்லை. என் வீட்டில் விடுவேனா?

முதலில் 'யாரையும் நம்பாதே' என்றுதான் இருந்தது. அப்படி இருந்தால் பொது சர்வர் தானே பரணுக்குப் போய் வாங்கி வந்து தர வேண்டும் போலிருக்கிறது. மூன்று மணி நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் பாதியில் நின்றுவிட்டது. பிறகு 'பெயர் தெரிந்தால் நம்பு' என்று மாற்றினேன். பரண் எனக்குத் தெரியாத பெயரா? நம் மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தினமும் அதைத் துடைக்கிறேன். சர்வர் 'பரண்' என்றது, என் கம்ப்யூட்டர் 'தெரியும்' என்றது. உடனே திரை முழுக்கச் சிவப்பு. வாக்குக் கொடுத்த இடத்தில் பொருள் இல்லையாம். எழுநூற்று நாற்பது தடவை அதையே எழுதிக் காட்டியது. படித்துக்கொண்டே இருந்தபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது.

சொல்லிவிடுகிறேன். வயிற்றில் வைத்துக்கொண்டே அலுத்துவிட்டது. ஆபரேஷன் அன்றைக்கு எட்டு மணிக்கு வந்துவிடுவேன் என்றாய். அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கொண்டுபோகிறவர்களிடம் "இன்னும் ரெண்டு நிமிஷம், என் மச்சினன் வந்துடுவான்" என்று கேட்டார். அவர் சொந்தக் குரலில் பேசிய கடைசி வார்த்தை அதுதான். மத்தியானம் நீ எனக்கு அனுப்பிய செய்தி: 'சர்வர் விழுந்துடுச்சு, கிளம்ப முடியலை.'

ஒரு வாரம் கழித்துச் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். உன் சர்வர் இருநூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒரு நொடி கூட விழாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அதே சர்வர் காட்டும் இடத்தை நம்பு என்கிறாய்.

காயம் ஆறிவிட்டது.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நீ பதிவேட்டைப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். என் அக்கா ஆயிற்றே. பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன் என்று மட்டும் எழுதுகிறேன். டிக்கெட் கூட எடுத்தேன்.

சிவப்பு ஏன் வந்தது என்று புரிந்துவிட்டது. தப்பு என்னுடையது. கடைசி வாரம் உங்கள் தெருவில் ரோட்டைத் தோண்டுகிறார்கள் என்று அத்தான் என் ஊருக்கு வந்தாரே, என் ஆபீஸ் சாமான் அறையில், பழைய கம்பளிகளுக்கு நடுவில் உட்கார வைத்துப் பதிவு செய்தேன். அந்த எழுநூற்று நாற்பதும் என் இயந்திரத்தில்தான் ஏறின. அதற்கும் 'பரண்' என்றே பெயர் வைத்துவிட்டேன். வேறு பெயர் வைத்தால் நிரலில் பதினோரு இடத்தில் மாற்ற வேண்டும். சோம்பேறித்தனம். ஒரு வாரத்துக்குத்தானே, பிறகு இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு என்பது வரவே இல்லை.

ஆக, சர்வர் 'பரண்' என்றது என்னுடையதை. உன் கம்ப்யூட்டர் 'தெரியும்' என்று தலையாட்டியது செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருப்பதை. அது தலையாட்டியதும் சர்வர் தன் பொறுப்பு முடிந்தது என்று கையை உதறிவிட்டது. முதல் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மாடிப்படிக்குக் கீழேயே இருந்ததால் வந்துவிட்டன, மற்றவற்றையும் உன்னுடையது அங்கேயே போய்த் தேடி ஏமாந்திருக்கிறது. பழைய பெட்டியில் நானே கையால் ஏற்றிக் கொடுத்ததால் இத்தனை நாள் இது வெளியே தெரியவில்லை.

அதனால் நான்காவது நிலைக்கு மாற்று. பெயரும் விலாசமும். பரணின் விலாசமாக, சர்வர் காட்டுவதையே அப்படியே எடுத்து எழுதிக்கொள். சரியாகத்தான் இருக்கும்.

சீக்கிரம் செய்தால் நல்லது. என் வட்டு இரண்டு நாளாகக் கரக் கரக் என்கிறது.

தம்பி


மார்ச் 22

வட்டு அப்படிச் சத்தம் போட்டால் ஓட விடாதே. முதலில் அணை. நகல் எடுக்கிறேன் பேர்வழி என்று அதைக் கிண்டாதே. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 23

தம்பிக்கு,

நேற்று அவசரத்தில் இரண்டு வரி எழுதிப் போட்டேன். இப்போது ஆற அமர எழுதுகிறேன்.

சர்வர் காட்டும் விலாசத்தையே எடுத்து என் பக்கத்தில் எழுதிக்கொண்டு, பிறகு சர்வர் சொல்வதோடு அதைப் பொருத்திப் பார்ப்பதாம். நன்றாக இருக்கிறது உன் யோசனை. திருடனிடமே கேட்டு எழுதிக்கொண்டு அவன் சொன்னது சரிதான் என்று டிக் போடுவது போல. இதை என் ஆபீஸில் யாராவது செய்தால் ஒரு வாரம் அவரோடு பேச மாட்டேன்.

இருந்தாலும் அது என்னதான் காட்டுகிறது என்று திறந்து பார்த்தேன். அது உன் ஆபீஸ் விலாசம் இல்லை. உன் ஆபீஸ் விலாசத்தை நான் நன்றாக அறிவேன். இது ஏதோ ஒரு வீட்டு இணைப்பு. ஜனவரி பதினேழாம் தேதி மாற்றியிருக்கிறாய். ஆபீஸ் இயந்திரத்துக்கு வீட்டில் என்ன வேலை? நவம்பரிலிருந்தே உன் கடிதம் பார்சல் எல்லாம் அச்சகத்து விலாசத்திலிருந்தே வருவது ஏன்?

இதை உன் அத்தானிடம் காட்டினேன். பார்சல் விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன், ஒரே அழுகையாக. அவர் கோபப்படவில்லை. கோபப்பட அவரிடம் வரி இல்லை என்பதும் உண்மை. பட்டியலில் ரொம்ப நேரம் தேடி, "வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லவும்" என்பதைத் தொட்டார். டாக்டர் நோயாளியிடம் கேட்கிற வரி அது. எப்படியோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. உன் கடிதத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் தொட்டார்.

அதனால் கேட்கிறேன். பரணின் விலாசம் உன் கையெழுத்தில், காகிதத்தில் எனக்கு வேண்டும். அதை நான் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். சர்வர் சொல்வதும் அதுவும் ஒன்றாக இருந்தால் நம்புகிறேன். கூடவே நீ இருக்கும் இடத்தின் விலாசத்தையும் எழுது. கதவு எண், மாடி எல்லாம். தம்பி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

அக்கா


மார்ச் 30, திங்கள்

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வேலை போய்விட்டது. ஜனவரியில். ஆபீஸையே மூடிவிட்டார்கள், பழைய இயந்திரங்களைக் கழித்துக் கட்டிய குவியலிலிருந்து பரணை மட்டும் கேட்டு வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு முன்பே வீட்டையும் காலி செய்திருந்தேன். இப்போது ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. பகல் முழுவதும் கீழே மிஷின் ஓடும். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? ஏற்கெனவே ஒரு பொய்யில் மாட்டியவன் அடுத்த உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். வேலையெல்லாம் காரணமில்லை. நாற்பது நாள் ஹெட்போனில் அத்தான் குரலைக் கேட்டு வெட்டி ஒட்டினேன். அவர் மூச்சு எங்கே எடுப்பார், எந்த எழுத்தில் தொண்டை கமறும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கடைசி நாள் அவரே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தார், எண் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. "வந்துட்டியா மாப்ளே, உள்ள வா." ஒரே தடவையில் பேசி முடித்துவிட்டு, "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் நீ வருவே இல்ல, வாசல்ல நிக்க வெச்சிட்டு நான் பட்டன் தேடிக்கிட்டிருக்கக் கூடாதுடா" என்று சிரித்தார். ஆபரேஷன் அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் அந்த வரியைப் போட்டுக் கேட்டேன். இனிமேல் இந்த மனுஷன் எனக்குப் பெட்டியிலிருந்துதான் பேசுவார் என்று தோன்றியது. மூன்று பஸ்ஸை விட்டேன். அப்புறம் வாயில் வந்த பொய்யை உனக்கு அனுப்பினேன். கோழைத்தனம். வேறு பெயர் இல்லை அதற்கு.

பரணின் விலாசத்தைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் வருவது பூஜ்யம், 'ஓ' இல்லை. அதன் பின்பக்கத்தில் என் விலாசம். தையல் கடையின் பக்கவாட்டுப் படி, இரண்டாவது மாடி, பச்சைக் கதவு. அழைப்பு மணி வேலை செய்யாது, தட்ட வேண்டும்.

வட்டை நீ சொன்னபடி அணைத்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எழுப்புகிறேன். தையல் கடை லீவு, மேஜை ஆடாது. இரண்டு மணி நேரம் தாங்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பிக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராது. ஏன் என்று இதைக் கையில் வாங்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்பதே முக்காலுக்கே இருவரும் உட்கார்ந்துவிட்டோம். உன் தாளை அவர் பிடித்துக்கொண்டார், நான் தட்டினேன். நான்காவது நிலை. பத்தடித்து இரண்டு நிமிஷத்தில் சர்வர் 'பரண்' என்று விலாசத்தோடு சொன்னது. உன் கையெழுத்தும் அதுவும் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. என் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது. எனக்கு என்னவோ நானே ஒப்புக்கொண்டது போல இருந்தது.

நூறு, இருநூறு என்று வந்துகொண்டே இருந்தது. நானூற்றுச் சில்லறையில் ஒரு தடவை நின்றது. உன் பக்கத்தில் அது கரக் கரக் என்று இழுப்பதை நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். மறுபடி நகர்ந்தது. பதினொன்று நாற்பதுக்கு உன் பரண் மூச்சை விட்டது. அத்தோடு சரி, பிறகு பதிலே இல்லை. அதற்குள் எழுநூற்று முப்பத்தொன்று வந்துவிட்டது. ஒன்பது வரவில்லை.

அவர் முதலில் தொட்டது 'ஹெட்மாஸ்டர்'. ஐந்து தடவை தொட்டார். போதும் போதும் என்று நான் சொல்ல, "உன்னைக் கட்டினதுக்கு ஒரு லாரியை ஓட்டியிருக்கலாம்" என்றது பெட்டி. அதுவும் வந்துவிட்டது, என் தலையெழுத்து. பிரேக்கும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து வகுப்பு.

வராத ஒன்பதையும் வரிசையாகப் பார்த்தோம். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று அதில் ஒன்று. தொட்டார், டிக். மறுபடி தொட்டார், டிக். உன் கடைசிக் கடிதத்தை அவர் படித்திருந்ததால் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பெட்டி "பரவாயில்லை" என்றது. எழுந்து போய்ப் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு வந்து நின்றார். உன் தாளைத் திருப்பிப் பச்சைக் கதவு என்று எழுதிய இடத்தைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமைல பஸ் கூட்டமா இருக்குமே" என்றேன். "செவிலியரே, அமைதியாக இருக்கவும்" என்றது பெட்டி. அந்தப் பட்டியலை அவர் இனி விடமாட்டார் போலிருக்கிறது.

செத்துப்போன வட்டைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தனுப்பு. நீயும் கூடவே வந்து சேர். உன் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனால் போன் செய்யாதே, நேரில் வா.

அந்த வரி போனதற்காக நீ உட்கார்ந்து அழுதுகொண்டிருக்காதே. அது நீ எங்கள் வாசலில் வந்து நிற்கும்போது சொல்வதற்காக வைத்தது. நீ வரவில்லை, இப்போது அவர் உன் வாசலில் நிற்கிறார். உள்ளே வாங்க அத்தான் என்று கூப்பிட வேண்டியது நீதான். உனக்குக் குரல் இருக்கிறது.

அக்கா